ராஜாவின் நெஞ்சில் இருந்த பன்றி

எங்கள் வீட்டில் ஒரு பன்றிக்காக எட்டு நாள் சண்டை நடந்தது. உயிருள்ள பன்றி இல்லை. அரிசி மணி அளவுகூட இல்லாத பன்றி. அது பன்றியா யானையா என்பதுதான் சண்டையே. கடைசியில் என் கன்னத்தில் விழுந்த ஓர் அறையோடு அது முடிந்தது. அந்த அறை எனக்குச் சேர வேண்டியது இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் அந்த எட்டு நாளைப் போல எங்கள் வீடு அதற்கு முன்னும் கூத்தடித்ததில்லை, பின்னும் கூத்தடித்ததில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்போது எனக்குப் பத்து வயது. வீடு குற்றாலத்துக்குப் பக்கத்தில் மேலகரத்தில். அப்பா உரக்கடை வைத்திருந்தார். அம்மா, நான், அப்பாவின் அக்காவான என் அத்தை, அவ்வளவுதான் வீடு. மாமா இறந்தபிறகு அத்தை எங்களோடு வந்துவிட்டாள். பேச மாட்டாள். பேசினாலும் அடுப்படியிலிருந்து ஒரு சொல், இரண்டு சொல். அவளுக்குக் காது மந்தம் என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

சித்தப்பா பட்டாளத்தில் இருந்தார். வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். அவர் வந்தால் வீட்டின் சத்தமே மாறும். அவருக்கு நாலு வயதிருக்கும்போது அவர்களுடைய அம்மா போய்விட்டார்களாம். வளர்த்தது அத்தைதான். கல்யாணமாகிப் போகும்போதுகூடத் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போனாளாம். எனக்கு இதெல்லாம் பழங்கதை. எனக்குத் தெரிந்த சித்தப்பா, அருவியில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கூட்டத்தை இடித்துத் தள்ளி உள்ளே நுழைகிறவர். அவர் லீவு முடிந்து போகிற ஒவ்வொரு முறையும் எனக்கு இரண்டு நாள் காய்ச்சல் வரும்.

அந்த வருடம் சீசனுக்கு வந்தார். சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்தது. பட்டாளத்தில் ஏதோ காகிதத்துக்குப் பள்ளிக்கூடச் சான்றிதழ் கேட்டார்கள் என்று சாமி அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த தகரப்பெட்டியைக் கவிழ்த்தார். சான்றிதழ் வரவில்லை. மஞ்சள் துணியில் முடிந்த ஒரு முடிச்சு விழுந்தது.

அது என்ன என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம். வீட்டில் ஒருவருக்கு முடியாமல் போனாலோ, ஒரு காரியம் நடக்க வேண்டும் என்றாலோ, ஒரு காசை மஞ்சள் தண்ணீரில் நனைத்த துணியில் முடிந்து, சாமியை நினைத்து வைத்துவிடுவார்கள். காரியம் நடந்தபின் கோயிலுக்குக் கொண்டுபோய் உண்டியலில் போட வேண்டும். அதுவரை அவிழ்க்கக் கூடாது.

சித்தப்பா அவிழ்த்தார். பட்டாளத்துக்காரர், கையில் எது கிடைத்தாலும் பிரித்துப் பார்த்துவிடுவார். உள்ளே ஒரு வெள்ளி ரூபாய். கிரீடம் வைத்த தாடிக்கார ராஜா. ஈரத்துணியாக முடிந்திருக்க வேண்டும், மஞ்சள் காய்ந்து ராஜாவின் நெஞ்சிலும் மறுபக்கம் வருடத்தின் மேலும் களிம்பாக ஒட்டியிருந்தது. பத்தொன்பது என்று தெரிந்தது, அடுத்து ஒன்று தெரிந்தது. கடைசி எண் மஞ்சளுக்கு அடியில்.

அம்மா பதறிவிட்டாள். "நேந்து முடிஞ்ச துட்டு தம்பி. அத ஏன் தொட்டீய? திரும்ப முடிஞ்சு வையிங்க."

"யாரு மைனி நேந்தது?"

அம்மாவுக்குத் தெரியவில்லை. அப்பா கடையிலிருந்து வந்ததும் கேட்டோம். "எங்க அம்மை வச்சதா இருக்கும். என்னத்துக்கு வச்சாளோ, அவளே போயாச்சு," என்றார். அத்தை வாசல்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. அவளை யாரும் கேட்கவும் இல்லை. அவளை யாரும் எதையும் கேட்பதில்லை, அதுதான் எங்கள் வீட்டு வழக்கம்.

மறுநாள் சித்தப்பா என்னைக் கூட்டிக்கொண்டு குற்றாலம் போனார். சீசன் நேரத்தில் அருவிக்கரைக் கடைத்தெருவில் ஒருவர் நீலப் பிளாஸ்டிக் விரிப்பில் பழைய காசுகளைப் பரப்பி உட்கார்ந்திருப்பார். ஒரு பக்கம் நேந்திரம் சிப்ஸ் பொரிகிற சட்டி, மறுபக்கம் எண்ணெய் மசாஜ் ஆட்கள், நடுவில் அவர். அவரை அதுவரை நான் மனிதராகவே மதித்ததில்லை. அன்றைக்கு அவர் ரூபாயை வாங்கி, லென்சைக் கண்ணில் வைத்து, மூச்சை நிறுத்தினார் பாருங்கள், எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறிவிட்டது.

"அண்ணாச்சி, இதக் கழுவிராதீய," என்றார் முதல் வார்த்தையாக.

பிறகுதான் கதையைச் சொன்னார். ராஜாவின் அங்கியில், நெஞ்சுக்குக் கீழே, ஒரு சின்ன யானை உண்டு. இந்த ராஜாவின் ரூபாயை முதல் வருடம் அடித்தபோது அந்த யானைக்குத் தும்பிக்கை குட்டையாகிவிட்டது. பார்க்கப் பன்றி மாதிரி இருந்தது. ராஜா நெஞ்சில் பன்றியா என்று ஜனங்கள் ரூபாயைத் தொட மாட்டோம் என்றார்கள். உடனே நிறுத்திவிட்டு, அடுத்த வருடம் தும்பிக்கையை ஒழுங்காக நீட்டி அடித்தார்கள். பன்றி ரூபாய்க்குத்தான் மதிப்பு. யானை ரூபாய் சாக்குச் சாக்காகக் கிடைக்கும்.

"கடைசி நம்பர் ஒன்னுன்னா பன்னி. மத்ததுன்னா யானை. ஒங்க துட்டுல ரெண்டு எடத்தையும் மஞ்சள் மறச்சிருக்கு. ஆனா காசு புழங்காத காசு. தாடில ஒரு முடிகூடத் தேயல. பாம்பேக்கு அனுப்புங்க. அங்கன உள்ளவங்க மஞ்சள பக்குவமா எடுத்து, தரம் பாத்து, நம்பர் போட்டு, பிளாஸ்டிக் டப்பால சீல் வச்சு அனுப்புவாங்க. அந்த டப்பால இருந்தாத்தான் பெரிய வெலை. நீங்க தேச்சீயன்னு வையிங்க, 'கழுவினது'ன்னு எழுதித் திருப்பி அனுப்பிருவான். அப்புறம் வெறும் வெள்ளிதான்."

"டப்பால வந்தா எவ்வளவு போவும்?" என்றார் சித்தப்பா.

அவர் ஒரு தொகை சொன்னார். நிஜமாகச் சொன்னாரா, சாரலில் நனைந்த உற்சாகத்தில் சொன்னாரா, தெரியாது. சித்தப்பா என் தலையில் கையை வைத்து அழுத்தினார். எனக்குக் கழுத்து வலித்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னிடம் சொன்னார். "ஏட்டி, பன்னியா மட்டும் இருக்கட்டும். பட்டாளத்துக்கு எழுதிக் குடுத்துட்டு வந்துருதேன். பென்சனும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். ஒரு லோடு ஆட்டோ எடுத்தா போதும். இங்கனயே கெடந்துரலாம்."

அவர் பாதி விளையாட்டாகச் சொல்லியிருப்பார். எனக்குப் பத்து வயது. எனக்கு அதில் விளையாட்டு ஒன்றும் தெரியவில்லை. பன்றி என்றால் சித்தப்பா போக மாட்டார். யானை என்றால் போவார். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. மேலகரத்தில் இறங்குவதற்குள் உலகத்தில் உள்ள யானைகளையெல்லாம் வெறுத்துவிட்டேன். பன்றி என்றால் சித்தப்பா போக மாட்டாராம் என்று கத்திக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைந்தேன்.

அன்றிலிருந்து வீட்டில் கட்சி பிரிந்தது. சித்தப்பாவும் நானும் பன்றிக் கட்சி. அப்பா யானைக் கட்சி, காரணம் ஒன்றும் இல்லை, தம்பி சொன்னதற்கு எதிராகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அம்மா முருகன் கட்சி. பன்றியோ யானையோ, நேந்த துட்டு இலஞ்சிக் கோயில் உண்டியலுக்குத்தான் என்றாள். சித்தப்பா அவளைச் சமாளித்தார். "வித்தபெறவு முருகனுக்கு இதப்போல பத்து வெள்ளித் துட்டு போட்ருவோம் மைனி. அவருக்கு நட்டமா?" அம்மா இரண்டு நாள் யோசித்தாள். பிறகு பத்தை இருபத்தொன்றாக்கிக்கொண்டு கட்சி மாறினாள். எங்கள் அம்மா பேரத்தில் கெட்டிக்காரி.

காலையில் காப்பி குடித்ததும் காசை எடுத்து வெயிலில் வைப்பார்கள். வெயில் இல்லாவிட்டால் டார்ச். என்னுடைய ஸ்கேல், அப்பாவின் கண்ணாடி, ரேஷன் கார்டு படிக்க வாங்கிய பூதக்கண்ணாடி எல்லாம் நடுவீட்டுக்கு வந்தன. சித்தப்பா விளிம்பைப் பிடித்துத்தான் தூக்குவார். யார் தொட்டாலும் கத்துவார். "ரேகை படும்! ரேகை படும்!" கழுவக் கூடாது, துடைக்கக் கூடாது, ஊதக்கூடக் கூடாது என்று தினமும் ஒரு பாடம் நடத்துவார். போனில் ஒருவர் வடநாட்டுப் பாஷையில் நாணயம் பற்றிப் பேசுகிற வீடியோவைப் போட்டு, எங்களுக்கு அதை மொழிபெயர்த்துச் சொல்வார். தேய்த்தால் வெள்ளியின் மேல் தோல் போய்விடும், லென்சில் கீறல் தெரியும், அப்புறம் கடவுளே வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. இதை நாங்கள் பத்து முறையாவது கேட்டிருப்போம்.

அப்பாவுக்கு இது பொறுக்கவில்லை. "அழுக்கோட அனுப்பினா எவன்லே மதிப்பான்? நீ பொண்ணு பாக்கக் குளிக்காமப் போவியா?"

"நான் பொண்ணு பாக்கப் போகல. துட்டு அனுப்புதேன்."

"சரி, அனுப்புத. பாம்பேக்காரன் பீஸ் எவ்வளவு கேக்கான்? யானையா இருந்தா அந்த பீஸ எவன் குடுப்பான்? மொதல்ல பன்னியா பாரு. பன்னின்னா அனுப்பு."

"பன்னியான்னு பாக்கணும்னா மஞ்சள எடுக்கணும். எடுத்தா அனுப்ப முடியாது."

"அனுப்ப முடியாட்டா பன்னியா இருந்து என்ன?"

"அதத்தான் நானும் சொல்லுதேன்!"

இப்படியே சுற்றிச் சுற்றி வருவார்கள். தெரிந்துகொள்ள வேண்டுமானால் கெடுக்க வேண்டும், கெடுக்காவிட்டால் தெரியாது. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் தீர்ப்புச் சொன்னார்கள். ஒருவர் எலுமிச்சை என்றார், ஒருவர் பல்பொடி என்றார், ஒருவர் தன் வீட்டிலும் இதுபோல நாலு கிடந்தது, அரைஞாண் செய்ய உருக்கிவிட்டோம் என்று சொல்லி, சித்தப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு போனார். நான் பள்ளிக்கூடத்தில் எங்கள் வீட்டில் பன்றி இருப்பதாகச் சொன்னேன், வளர்க்கிறோம் என்று நம்பி வாத்தியார் என்னை ஜன்னல் ஓரமாகத் தள்ளி உட்காரச் சொன்னார். எனக்கு அதுகூடப் பெருமையாக இருந்தது.

ஏழாம் நாள் அப்பா இறங்கி வந்தார். பீஸில் பாதி தான் தருவதாகச் சொன்னார். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் அப்பளம் பொரித்தார்கள். எதற்கு என்று யாரும் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரியும்.

எட்டாம் நாள் மத்தியானம் அப்பாவும் சித்தப்பாவும் பார்சல் விவரம் கேட்கத் தென்காசி போனார்கள். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். பள்ளிக்கூடம் லீவு. காசு சாமி அலமாரியில், பருத்திப் பஞ்சின் மேல் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அத்தை பின்னால் வந்து நின்றாள். கையில் ஒரு கிண்ணம் புளித்தண்ணீர்.

"ஏட்டி, பன்னியா யானையான்னு பாத்துருவமா?"

"சித்தப்பா கழுவக்கூடாதுன்னாக."

"பன்னின்னு தெரிஞ்சா சித்தப்பன் போவ மாட்டாம்லா? ஒனக்குத் தெரிஞ்சுக்க ஆசையா இல்லையா?"

அத்தை என்னிடம் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. அதுவே எனக்கு ஒரு மயக்கம். அவள் காசை எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன். கிணற்றடியில் உட்கார்ந்து புளித்தண்ணீரில் போட்டேன். மஞ்சள் இளகியது. அத்தை உள்ளே போய் ஒரு கை திருநீறு கொண்டுவந்து என் உள்ளங்கையில் கொட்டினாள். எங்கள் வீட்டில் குங்குமச்சிமிழோ கொலுசோ, வெள்ளி என்றால் திருநீறு போட்டுத் தேய்ப்பதுதான். நான் தேய்த்தேன். "நல்லா அழுத்திட்டி," என்றாள். அழுத்தினேன்.

முதலில் எண் வந்தது. ஒன்று. ஏற்கெனவே தெரிந்த ஒன்றுக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஒன்று! திருப்பி ராஜாவின் நெஞ்சைத் தேய்த்தேன். தாடியின் நுனி வந்தது, சங்கிலி வந்தது, அதற்குக் கீழே, குட்டை மூக்கோடு, கொழுத்து, நாலு காலில் நின்றது பன்றி. சந்தேகமே இல்லாத பன்றி. தெருவில் சாக்கடையோரம் படுத்திருக்குமே, அதே பன்றி. பூதக்கண்ணாடியே தேவைப்படவில்லை.

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "பன்னி! பன்னி!" என்று வீட்டுக்குள் ஓடினேன், வாசலுக்கு ஓடினேன், தெருவுக்கு ஓடினேன். சித்தப்பா போக மாட்டார். லோடு ஆட்டோ வரும். சாரலில் நனைந்துகொண்டு குதித்தேன். என் ஆயுசில் அவ்வளவு சந்தோஷம் ஒரு கால் மணி நேரம் முழுதாக எனக்குக் கிடைத்தது அன்றைக்குத்தான்.

அப்பாவின் பைக் வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த சித்தப்பாவின் மடியில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி இருந்தது. நான் காசை உயரத் தூக்கிக் காட்டினேன். கண்ணாடி மாதிரி மின்னியது.

சித்தப்பா இறங்கினார். வாங்கிப் பார்த்தார். விளிம்பைப் பிடிக்கவில்லை. நடுவிலேயே கட்டைவிரலை வைத்துப் பிடித்தார். அப்போதுதான் நான் குதிப்பதை நிறுத்தினேன்.

"பன்னிதாம்ணே," என்றார் அப்பாவைப் பார்த்து. "பன்னியேதான்."

அறை அப்பாவுடையது. யானைக் கட்சிக்காரருக்கு அப்படி ஒரு கோபம் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் அழுதுகொண்டே சொன்னேன், அத்தைதான் தேய்க்கச் சொன்னாள், அத்தைதான் திருநீறு தந்தாள்.

அத்தை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நானா? நான் அடுப்படியிலல்லா கெடந்தேன். எனக்கென்ன தெரியும்?"

பெரியவர்கள் பொய் சொல்வார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அவள் குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. நான் பொய்யும் சொல்கிறேன் என்று, ரேஷன் கடையிலிருந்து வந்த அம்மாவும் தன் பங்குக்கு ஒன்று வைத்தாள்.

மறுநாள் குற்றாலத்துக்காரர் லென்சைக்கூட எடுக்கவில்லை. தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, "திருநீறா?" என்றார். "போச்சு. இனி அனுப்பி பிரயோஜனமில்ல, அண்ணாச்சி. வெள்ளி வெலைக்குன்னா நான் எடுத்துக்கிடுதேன்." சித்தப்பா சிரித்தார். சிப்ஸ் வாங்கி என்னிடம் கொடுத்தார். அவர் என்னைத் திட்டவே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து காசை அத்தை கையில் கொடுத்து, "சாமிட்டயே வச்சிரு, யக்கா," என்றார். லீவு முடிந்து தென்காசியில் ரயிலேறினார். எனக்குக் காய்ச்சல் மூன்று நாள்.

அத்தையோடு நான் பேசுவதை நிறுத்தினேன். அவள் பரிமாறினால் சாப்பிட மாட்டேன். பிறகு சாப்பிட்டேன், பேசவில்லை. ஏறக்குறைய ஒரு வருடம்.

சித்தப்பா சர்வீஸ் முடித்துப் பென்சனோடு வந்தபோது நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். முழங்காலில் ஒரு தையல், தலையில் கொஞ்சம் வழுக்கை, மற்றபடி முழு ஆள். வந்த மூன்றாம் நாள் காலையில் அத்தை குளித்து, ஈரத்தலையோடு, இலஞ்சிக் கோயிலுக்குப் போக வேண்டும் என்றாள். தானாக ஒரு இடத்துக்குப் போக வேண்டும் என்று அவள் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. ஆட்டோவில் நான், அவள், சித்தப்பா. உண்டியலுக்கு முன்னால் நின்று இடுப்பிலிருந்து மஞ்சள் முடிச்சை எடுத்தாள்.

"யக்கா, இது நம்ம பன்னில்லா?" என்றார் சித்தப்பா.

"ஆமாலே."

"யாருக்கு நேந்தது?"

"ஒனக்குத்தான். நீ பட்டாளத்துக்கு ரயிலேறுன அன்னைக்கு முடிஞ்சேன். முழுசா வந்து சேந்தா போடுதேன்னு."

"அட மூதேவி! அன்னைக்கே சொல்லித் தொலச்சிருக்கலாம்லா? நான் விக்கவே போயிருக்க மாட்டேனே."

"நேந்தத வெளிய சொன்னா பலிக்குமாலே?"

அவ்வளவுதான். துணியோடு உள்ளே போட்டாள். டங்கென்று ஒரு சத்தம். சித்தப்பா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அத்தை என்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். பார்க்கவில்லை. பிரகாரம் சுற்றப் போய்விட்டாள்.

இப்போது நான் போலீஸில் இருக்கிறேன். நாள் முழுக்க ஆட்களை நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறேன். அத்தையை மட்டும் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. என்னை ஏன் மாட்டிவிட்டாய் என்று கேட்கலாம். பதில் எனக்கே தெரியும். பத்து வயதுப் பெண் செய்தால் ஓர் அறையோடு போய்விடும். அண்டி வந்த விதவை அக்கா செய்தால் அப்படிப் போகாது. தெரிந்தும் கோபம் போகவில்லை. என் ஆசையைக் காட்டியே என்னைத் தேய்க்க வைத்தாளே, அதை நான் மன்னிப்பதாக இல்லை.

சித்தப்பாவை வீட்டில் இருத்தப்போகிற காசு என்று நான் குதித்தேன். அவரை உயிரோடு வைத்திருக்கிற காசு என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். விற்றால் அவர் வருவார், ஆனால் சாமிக்குக் கொடுத்த வாக்கை விற்றல்லவா வருவார். தேய்த்துக் கெடுத்துவிட்டால் அதை வாங்க ஆள் கிடையாது. எட்டு நாள் பாடம் நடத்தினாரே சித்தப்பா, தொடக் கூடாது, தேய்க்கக் கூடாது, தேய்த்தால் ஒன்றுக்கும் ஆகாது என்று, அப்பா அதற்குப் பதில் பேசிக்கொண்டிருந்தார், அம்மா இருபத்தொன்றை எண்ணிக்கொண்டிருந்தாள், நான் லோடு ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். அடுப்படியில் இருந்துகொண்டு அந்தப் பாடத்தை ஒரு வரி விடாமல் காதில் வாங்கியவள் அத்தை ஒருத்திதான். அது அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.